சித்தூர் தாலுகாவில் மனை பார்ப்பவர்களே, பத்திரம் பதிவானால் வீடு கட்டலாம் என்று நம்பிவிடாதீர்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் மனை தேடிக்கொண்டிருக்கும் நம் ஆட்களுக்காக இந்தப் பதிவு. கோயம்புத்தூர், பொள்ளாச்சியிலிருந்து எல்லை தாண்டி வந்து பார்ப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். சித்தூர் தாலுகாவில் ஒரு பஞ்சாயத்தில் என் மனைவி பெயரில் ஏழு சென்ட் வாங்கினோம். பத்திரம் பதிவாகிவிட்டது. வில்லேஜ் ஆபீசில் போக்குவரவு (பெயர் மாற்றம்) முடிந்து தண்டப்பேர் எண்ணும் (வரிக் கணக்கு எண்) வந்துவிட்டது. நிலவரி கட்டிய ரசீது கையில் இருக்கிறது. வீடு கட்டத்தான் முடியாது. அரசாங்கக் கணக்கில் அந்த இடம் நெல்வயல்.

இது விற்றவருக்குத் தெரியும், நடுவில் நின்ற புரோக்கருக்கும் தெரியும். ஊகத்தில் சொல்லவில்லை. அதே லேஅவுட்டில் எங்களுக்கு முன்னால் வாங்கிய ஒருவருக்குப் பஞ்சாயத்து வீடு கட்டும் பெர்மிட் மறுத்துக் கடிதம் கொடுத்திருக்கிறது. அவர் அந்தக் கடிதத்தோடு விற்றவர் வீட்டு வாசலில் நின்று சண்டையும் போட்டிருக்கிறார். அதற்குப் பிறகுதான் எங்களிடம் அட்வான்ஸ் வாங்கினார்கள்.

2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 12 புதிய தொழில் நகரங்களுக்கு ஒப்புதல் கொடுத்தது ஞாபகம் இருக்கும். கொச்சி–பெங்களூரு தொழில் வழித்தடத்தில் பாலக்காடும் அதில் ஒன்று. 1,710 ஏக்கர், 3,806 கோடி ரூபாய். கஞ்சிக்கோடு இருக்கும் புதுசேரிப் பக்கம் வருகிறது (பாண்டிச்சேரி என்று நினைத்து எனக்கு போன் செய்த சொந்தக்காரர்களும் உண்டு). அந்தச் செய்தி வந்த பிறகு சுற்றுவட்டாரத்தில் மைல்கல் தெரியும் இடமெல்லாம் 'வில்லா பிளாட்' போர்டு முளைத்தது. நான் கஞ்சிக்கோட்டில் வேலை பார்க்கிறேன், இருப்பது கொழிஞ்சாம்பாறையில் வாடகை வீடு. எங்களைப் போன்றவர்களைத்தான் புரோக்கர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

எங்களிடம் வந்தவர் நம் பக்கத்து ஆள், தமிழ்தான் பேசுவார். "தம்பி, இன்னும் ரெண்டு வருசம் போனா இந்தப் பக்கம் கால் வைக்க முடியாதுங்க. சென்ட் ரெண்டு லட்சத்துக்கு இதுக்கு மேல எங்கீங்க கிடைக்கும்?" என்றார். இடத்தைப் பார்த்தால் வயல் மாதிரியே இல்லை. செம்மண் கொட்டி மேடாக்கி, கிரஷர் பொடி போட்ட ரோடு, எண் எழுதின கல், வரிசையாகத் தென்னங்கன்று. ஆளுயரத் தென்னை நின்றால் அது தோப்பு என்றுதானே நம் ஊர்க்காரர் எடுத்துக்கொள்வார். வயலுக்குள் இரண்டு மழைக்காலம் முன்பு கன்று நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது இந்த விற்பனைக்காகத்தான் என்று பக்கத்துக் களத்துக்காரர் பிற்பாடு சொன்னார்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் விழும் குழி எதுவென்று இப்போது சொல்கிறேன். 2016 செப்டம்பர் 9 அன்று அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் அந்த ஆண்டே அமலுக்கு வந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளை மட்டும் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறை செய்ய 2017இல் விதிகள் வந்தன. அந்த அமளியில் மாட்டி அலைந்த குடும்பங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் ஏராளம். அதிலிருந்து நம் மக்கள் மனதில் ஒரு கணக்கு பதிந்துவிட்டது: சார் பதிவாளர் பதிவு செய்து கொடுத்துவிட்டால் அப்ரூவல் இருக்கிறது என்று அர்த்தம்.

வாளையார் தாண்டினால் அந்தக் கணக்கு செல்லாது. வயலை வயலாக விற்பது கேரளத்தில் குற்றமில்லை. சார் பதிவாளர் தாராளமாகப் பதிந்து கொடுப்பார். 8 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம் கட்டினோம். 14 லட்சத்துக்கு 1,40,000 ரூபாய். அரசாங்கம் சந்தோஷமாக வாங்கிக்கொண்டது. அந்தப் பத்திரத்தால் நிலம் உங்களுடையது ஆகும், அவ்வளவுதான். அதில் என்ன செய்யலாம் என்பது வேறு கணக்கு, வேறு ஆபீஸ்.

அந்த வேறு கணக்கு 2008ஆம் ஆண்டின் கேரள நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 12 முதல் அமலில் இருக்கிறது. ஒவ்வொரு பஞ்சாயத்திலும் தலைவர், கிருஷி ஆபீசர் (வேளாண் அலுவலர்), வில்லேஜ் ஆபீசர், விவசாயிகளின் பிரதிநிதிகள் கொண்ட குழு, நெல்வயலும் நீர்நிலமும் எந்தெந்த சர்வே எண்ணில் இருக்கின்றன என்று பட்டியல் போட வேண்டும். அதற்குப் பெயர் டேட்டா பேங்க். உங்கள் எண் அதில் இருந்தால் பஞ்சாயத்து பெர்மிட் கொடுக்காது. மண் கொட்டி நிரப்பினால் சிறைத் தண்டனை உண்டு. பழையபடி வயலாக மாற்றச் சொல்லி கலெக்டர் உத்தரவும் போடலாம். விற்றவர் கொட்டிய மண்ணை வாங்கியவர் அள்ள வேண்டிய நிலைமை வரலாம் என்று எங்கள் வக்கீல் சொன்னபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

டேட்டா பேங்க் பற்றி நாங்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்டோம். புரோக்கர் அந்தப் பட்டியலின் நகலையே கொண்டுவந்து காட்டினார். "பாருங்க தம்பி, நம்ம நம்பர் எங்கியாச்சும் இருக்குதுங்களா?" இல்லைதான். எப்படி இருக்கும்? அவர் காட்டிய பக்கங்களில் இருந்தவை பழைய சர்வே எண்கள். எங்கள் பத்திரத்தில் இருப்பது ரீசர்வே எண், அதாவது மறுபடி அளந்தபோது கொடுத்த புது எண். இரண்டும் ஒரே வயல், எண் மட்டும் வேறு. இதைவிட நேர்த்தியான ஏமாற்று வேலையை நான் பார்த்ததில்லை. பொய்யான காகிதம் ஒன்றுகூட இல்லை, காட்டியது எல்லாம் நிஜம்.

வில்லங்கச் சான்றும் சுத்தமாகத்தான் இருந்தது. கடனும் வழக்கும் அதில் தெரியும், நிலத்தின் தரம் தெரியாது. தரம் இருப்பது வில்லேஜ் ஆபீசின் அடிப்படை வரிப் பதிவேட்டில். பி.டி.ஆர். என்பார்கள். அதில் 'புரையிடம்' என்று இருந்தால் வீட்டு மனை, 'நிலம்' என்று இருந்தால் வயல். மலையாளத்தில் எழுதிய எங்கள் ஆதாரத்தை (பத்திரத்துக்கு இங்கே அதுதான் பெயர்) எழுத்துக்காரர் வேகமாக வாசித்துக் காட்டியபோது 'நிலம்' என்றேதான் வாசித்தார். தமிழ்க் காதுக்கு அதில் என்ன உறுத்தும்? வருடக்கணக்காக எல்லையில் உட்கார்ந்து தமிழர்களுக்குப் பத்திரம் எழுதுகிறவருக்கு அதை நிறுத்திச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. அவருக்குக் கொடுத்த கூலி வீண்.

பெர்மிட்டுக்கு பிளான் கொடுத்த பிறகுதான் பஞ்சாயத்தில் விஷயம் உடைந்தது. புரோக்கர் அசரவில்லை. "அதுக்கெல்லாம் வழி இருக்குதுங்க" என்று ஒரு ஏஜெண்டைக் கூட்டி வந்தார். இது இரண்டாவது சுற்றுக் கொள்ளை, இதையும் கவனியுங்கள். நாற்பதாயிரம் பேசி, பாதி முன்பணம் வாங்கிக்கொண்டு, ஃபாரம் 6 போட்டார். அது தள்ளுபடியானது. ஆகாமல் என்ன செய்யும்? ஃபாரம் 6 என்பது டேட்டா பேங்கில் இல்லாத, ஆனால் பி.டி.ஆரில் மட்டும் 'நிலம்' என்று கிடக்கும் இடத்தின் தரத்தை மாற்றக் கேட்பது. 2018 திருத்தத்தில் வந்த 27-ஏ பிரிவின் வழி அது. டேட்டா பேங்கில் இருக்கும் இடத்தை அதிலிருந்து நீக்கக் கேட்பது ஃபாரம் 5. அதற்கு அரசு வாங்கும் விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய். ஆன்லைனில் நாமே போடலாம்.

பிறகு நாங்களே ஃபாரம் 5 போட்டோம். கிருஷி ஆபீசர் வந்து பார்த்தார், நல்ல மனிதர், ஒளிக்காமல் பேசினார். சந்தேகம் வந்தால் மாநிலத் தொலையுணர்வு மையத்திடம் 2008இல் எடுத்த செயற்கைக்கோள் படத்தைக் கேட்டு, அன்றைக்கு அது வயலா மேட்டு நிலமா என்று பார்ப்பார்கள். எங்கள் இடத்தில் அன்று நெல் நின்றிருக்கிறது. அதற்கு மேல் வாதாட என்ன இருக்கிறது?

"25 சென்ட்டுக்குள் மாற்றுவது இலவசம்" என்று இன்னும் சொல்லித்தான் விற்கிறார்கள். 2021 முதல் அப்படி ஒரு சலுகை இருப்பது உண்மை. டேட்டா பேங்கில் இல்லாத இடத்துக்கு மட்டும்தான் அது. அதிலும் 2017 டிசம்பர் 30 அன்றே அந்த இடம் 25 சென்ட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். ஒரு ஏக்கரை நேற்று வெட்டி ஏழு ஏழு சென்ட்டாக விற்றால் சலுகை கிடையாது, ஃபேர் வேல்யூவில் (அரசு நிர்ணயித்த நில மதிப்பு) 10 சதவீதம் கட்ட வேண்டும். "சொந்த வீட்டுக்கு 10 சென்ட் வரை வயலிலும் விடுவார்கள்" என்பது அடுத்த வாய்ப்பாடு. பஞ்சாயத்தில் 10, நகராட்சியில் 5 சென்ட் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் மாவட்ட அளவிலான குழு ஒப்ப வேண்டும், மாவட்டத்தில் வீடு கட்டத் தகுந்த வேறு இடம் இருக்கக் கூடாது. என் மனைவிக்கு அவர் அப்பா வழியில் ஒரு துண்டுப் புரையிடம் இருப்பதால் எங்களுக்கு அந்த வழியும் அடைபட்டது.

சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பாலக்காட்டு வயல் எல்லாம் லேஅவுட் ஆனால் தண்ணீர் எங்கே நிற்கும்? எங்கள் ரோட்டுக்கு அடியில் ஒரு வாய்க்கால் புதைந்து கிடக்கிறது, மழைக்குக் கீழ்ப்பக்கத்து வீடுகளில் முழங்கால் தண்ணீர். கோபம் எல்லாம் தெரிந்தே விற்றவர் மேல்.

இப்போது வழக்கு ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது பன்னிரண்டு சென்ட்டைக் கொஞ்சம் தாண்டினாலே, மனை பிரித்து விற்பவர் ரெராவில் பதிவு செய்யாமல் விளம்பரம்கூடச் செய்யக் கூடாது. எங்கள் லேஅவுட் ஒரு ஏக்கருக்கு மேல், பதிவு இல்லை. "நான் விவசாயி, என் வயலைத் துண்டு துண்டாக விற்றேன், அது புராஜெக்ட் இல்லை" என்கிறார் விற்றவர். மனை எண், ரோடு, பார்க் எல்லாம் போட்டு அவரே வாட்ஸ்அப்பில் அனுப்பிய வரைபடம் என்னிடம் இருக்கிறது. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். எங்களிடம் வெள்ளைத் தாளில் எழுதி ஐந்து லட்சம் வாங்கினார். பத்திரத்தில் ஃபேர் வேல்யூவை மட்டும் காட்டி மீதியை ரொக்கமாகக் கொடுக்கச் சொல்லி வற்புறுத்தினார்கள். என் மனைவி ஒரே பிடியாக மறுத்து, 14 லட்சத்தையும் வங்கி வழியாகவே அனுப்பினார். இன்றைக்கு வக்கீல் முதலில் கேட்பது அந்த ஸ்டேட்மெண்டைத்தான். ரொக்கம் கொடுத்த பக்கத்து மனைக்காரருக்குப் பத்திரத்தில் உள்ள தொகையை மட்டும் திருப்பித் தருகிறேன் என்கிறார்களாம்.

ஆகவே யாராவது இந்தப் பக்கம் இடம் காட்டினால், பழைய சர்வே எண், ரீசர்வே எண் இரண்டையும் எழுதி வாங்கிக்கொண்டு கிருஷி பவனுக்கு நீங்களே போங்கள். புரோக்கரைக் கூட்டிப் போகாதீர்கள். டேட்டா பேங்கில் இல்லை என்று வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அடுத்து வில்லேஜ் ஆபீசில் பி.டி.ஆர். நகல். இந்த இரண்டும் வரும் முன் அட்வான்ஸ் பேச்சே வேண்டாம். விற்பவரின் முந்தைய பத்திரத்தையும் கேட்டு வாங்கி, மலையாளம் தெரிந்த, விற்பனையில் பங்கு இல்லாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே மனு எழுத 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. நான் தமிழில்தான் எழுதுகிறேன். முகம் சுளித்தாலும் வாங்கிக்கொள்கிறார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். மதுக்கரைப் பக்கம் என் மச்சானுக்கு 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்று ஒரு மனை காட்டினார்கள். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்டால் லேஅவுட் அங்கீகாரம் ஆகிவிடாது, நகர் ஊரமைப்பு இயக்கக ஒப்புதல் எண்ணும் ரெரா எண்ணும் வேண்டும். மலையோரக் கிராமம் என்றால் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதியும் தேவைப்படும். மச்சான் எண் கேட்டார், அதற்குப் பிறகு அந்த ஆளிடமிருந்து போன் வரவில்லை.

எங்கள் லேஅவுட்டில் விற்காத மனைகளுக்கு இப்போது புதுப் போர்டு, புது போன் நம்பர். தென்னைகள் நன்றாக வளர்ந்திருப்பதால் படம் முன்பைவிட அழகாக வருகிறது. அங்கே ஏற்கெனவே வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், வரைபடம், வாய்ஸ் மெசேஜ், பணம் அனுப்பிய விவரம் எதையும் போனிலிருந்து அழிக்காதீர்கள். எனக்கு எழுதுங்கள், மனுவில் உங்கள் பெயரையும் சேர்க்க வக்கீல் தயாராக இருக்கிறார்.