ஷீட்ராக் சுவரோடு எட்டு வருடம்: டல்லாஸ் வீட்டு அனுபவம்

வீட்டுக்குக் குடிவந்த மூன்றாவது வாரம், பையன் தன் அறைக் கதவைப் படாரென்று திறந்தான். பின்னால் ஸ்டாப்பர் இல்லை. கதவுக் குமிழ் நேராகச் சுவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். அரை அங்குலத்துக்கு வெள்ளையாக ஜிப்சம், இரண்டு பக்கமும் காகிதம், அதற்கு அப்பால் வெறும் காற்று. இந்தப் பலகைக்குத்தான் இங்கே ஷீட்ராக், ட்ரைவால் என்று பெயர். திருச்சியில் அப்பா கட்டிய வீட்டில் காலண்டர் மாட்டுவதற்கே டிரில் மெஷின் கடன் வாங்கியவன் நான். இதற்கா இத்தனை டாலர் என்று வயிற்றைக் கலக்கியது.

வீடு டல்லாஸுக்கு வடக்கே இருக்கிறது, 2004-இல் கட்டியது. இந்த எட்டு வருடத்தில் நான்கு பேரை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறேன், ஒரு வேலையை நானே செய்து கெடுத்திருக்கிறேன்.

அந்த ஓட்டைக்கு வந்தவர் சில்லறை வேலை எல்லாம் செய்யும் ஹேண்டிமேன். 150 டாலர், ஒன்றரை மணி நேரம். ஓட்டையைச் சதுரமாக வெட்டி, உள்ளே ஒரு மரத்துண்டைக் குறுக்கே வைத்து, அதில் புதுத் துண்டை ஸ்க்ரூ போட்டு முடுக்கி, ஓரங்களில் டேப் ஒட்டி மட் பூசினார். (மட் என்றால் சேறு இல்லை, நம்மூர்ப் பட்டி மாதிரியான ஒன்று.) ஓட்டை அடைபட்டது. ஆனால் எங்கள் சுவர் முழுக்க ஆரஞ்சுத் தோல் போலச் சின்னச் சின்னப் புள்ளியாக டெக்ஸ்ச்சர் அடித்திருக்கும். அவர் அடைத்த இடம் மட்டும் வழவழவென்று இருந்தது. சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது பிளாஸ்திரி ஒட்டியது போலத் தெரியும். அடைப்பது சுலபம், பக்கத்துச் சுவரோடு கலக்க வைப்பதுதான் வேலை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இப்போதெல்லாம் ஆள் வந்தால் நான் கேட்கிற முதல் கேள்வி, "டெக்ஸ்ச்சர் நீங்களே அடிப்பீர்களா?" என்பதுதான். "பெயிண்ட் அடித்தால் தெரியாது சார்" என்ற தொனியில் பதில் வந்தால், சரி, அப்புறம் சொல்கிறேன் என்று அனுப்பிவிடுகிறேன்.

நான் கெடுத்தது ஆணித் தலைகளை. உள்ளே நிற்கும் மரச் சட்டம் காய்ந்து சுருங்கும்போது ஆணித் தலை பெயிண்டைத் தள்ளிக்கொண்டு கொப்புளம் மாதிரி வெளியே வரும். சுத்தியலால் உள்ளே தட்டி, மேலே மட் பூசி, பெருமையாக வீட்டில் காட்டினேன். அடுத்த குளிர்காலத்தில் எல்லாம் திரும்ப எட்டிப் பார்த்தன. ஆணிக்கு மேலேயும் கீழேயும் ஒன்றரை அங்குலம் தள்ளி ஒவ்வொரு ஸ்க்ரூ போட்டுப் பலகையைச் சட்டத்தோடு இறுக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் ஆணியைக் கவனிக்க வேண்டுமாம். இதற்கு ஆள் கூப்பிட வேண்டியதே இல்லை.

மூன்றாவது விஷயம்தான் தூக்கத்தைக் கெடுத்தது. படுக்கையறைக் கதவின் மேல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். முதலில் வந்தவர் வலை டேப்பை ஒட்டி, டப்பாவில் கலந்து விற்கிற மட் பூசி, 220 டாலர் வாங்கிக்கொண்டு போனார். ஒரு கோடைகூடத் தாங்கவில்லை. இரண்டாவதாக வந்தவர் மெக்சிகோக்காரர், அறுபது வயதிருக்கும். விரிசலைத் தொடவே இல்லை. கதவைச் சாத்திச் சாத்திப் பார்த்தார், பிறகு வெளியே போய் வீட்டைச் சுற்றி வந்தார். அஸ்திவாரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே விரலை நுழைத்து, "இதுதான்" என்றார். இந்தப் பக்கமெல்லாம் களிமண். மழையில் உப்பும், கோடையில் சுருங்கும், வீடும் கூடவே அசையும். வருகிற கோடையில் அஸ்திவாரத்தைச் சுற்றிக் கசிவுக் குழாய் போட்டுத் தண்ணீர் விடுங்கள், அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்லி, பைசா வாங்காமல் போய்விட்டார்.

விரிசல் அகலமாகிக்கொண்டே போனாலோ, கதவு சாத்த வராமல் போனாலோ அது சுவர் வேலைக்காரர் விஷயமே இல்லை. அதனால் கட்டடத்தின் உறுதியைப் பார்த்துச் சொல்லும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினேன். அஸ்திவாரம் சரிசெய்யும் கம்பெனிகள் இலவசமாகப் பார்ப்பார்கள்தான், ஆனால் மருந்து விற்கிறவரே வைத்தியர் என்றால் எனக்குக் கொஞ்சம் பயம். அசைவு அளவோடுதான் இருக்கிறது என்றார் இன்ஜினியர். கோடை முழுக்கக் குழாய் ஓடியது. பிறகு அந்தப் பெரியவரே வந்து பழைய டேப்பை உரித்தெடுத்து, காகித டேப் வைத்துச் செய்தார். 380 டாலர். நான்கு வருடமாக ஒரு கோடுகூட விழவில்லை.

அறையின் உட்கூரையில் டீ சிந்தியது போல மஞ்சள் கறை வந்தபோதும் அவர்தான். நேராக அட்டிக்குக்கு, அதாவது கூரைக்கு அடியில் இருக்கும் பரணுக்கு, ஏறினார். ஏசித் தண்ணீர் போகும் குழாய் பாசி பிடித்து அடைத்துக் கிடந்தது. அதைச் சரிசெய்து, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு, கறையை மறைக்கும் ஷெல்லாக் பிரைமர் அடித்து, அதன் மேல் பெயிண்ட். சாதாரண பெயிண்டை மட்டும் பூசினால் கறை மறுபடி மேலே வந்துவிடும். அமுக்கிப் பார்த்தால் பலகை தொளதொளவென்று இருந்தால் மட்டும் வெட்டி மாற்ற வேண்டும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

ஆள் பிடிப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டெக்சஸில் ட்ரைவால் வேலைக்கு மாநில லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது, அதனால் லைசென்ஸ் நம்பர் கேட்டுப் பயனில்லை. இன்ஷூரன்ஸ் சான்றிதழைக் கேளுங்கள். உள்ளங்கை அகல ஓட்டைக்கு இருநூறு முந்நூறு கேட்கிறார்களே என்று எனக்கும் கோபம் வந்ததுண்டு. டப்பா மட் ஒவ்வொரு பூச்சும் காய ஒரு நாள் வரை ஆகும், மூன்று பூச்சு என்றால் மூன்று தடவை வந்து போக வேண்டும், காசு அதற்குத்தான். ஒரே நாளில் முடித்துவிட்டால் ஏமாற்று என்றும் நினைக்க வேண்டாம். தூளாக வரும் மட் 20 நிமிடம், 45 நிமிடம் என்று பையில் போட்டிருக்கிற கணக்கில் இறுகிவிடும். பெரியவர் பை நிறைய அதைத்தான் வைத்திருப்பார். பெயிண்ட் கூலியில் சேர்த்தியா என்பதை மட்டும் எஸ்டிமேட்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். இரண்டு முறை எனக்கு அதில்தான் தகராறு வந்தது.

பையன் அறைச் சதுரம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதன் மேல் என் மனைவி தினசரிக் காலண்டரை மாட்டிவிட்டாள். டிரில் தேவைப்படவில்லை, கட்டைவிரலால் அழுத்திய ஒரு புஷ் பின் போதும்.