தக்காளி இலைக்கருகலுக்குப் பூண்டுச் சாறா, வேப்பெண்ணெயா?

தக்காளியின் அடியிலைகளில் வளையம் வளையமாகப் பழுப்புப் புள்ளிகள் தோன்றினால், அது பெரும்பாலும் ஆல்டர்நேரியா பூஞ்சையால் வரும் முன்பருவ இலைக்கருகல்தான். இதற்கு வேப்பெண்ணெயை ஒரு பருவமும் பூண்டுச் சாற்றை மறுபருவமும் தெளித்துப் பார்த்த நான், இப்போது பூண்டின் பக்கம் நிற்கிறேன். இரண்டும் வருமுன் காப்பவையே. கருகிய இலையை இரண்டுமே மீட்காது.

வேப்பெண்ணெயின் பெரிய வசதி, வாங்கி வைத்து வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம் என்பது. லிட்டர் நீருக்கு 30 மி.லி. வீதம் சோப்புக் கரைசலுடன் கலந்து தெளித்தால் போதும். வெள்ளை ஈயும் ஓரளவு கட்டுப்படும். கடும் வெயிலில் தெளித்தால் மட்டும் இலை கருகும்.

பூண்டில் எல்லாம் நேரத்தைப் பொறுத்தது. பூஞ்சையைத் தடுக்கும் அல்லிசின் முழுப் பல்லில் இருப்பதில்லை. பல்லை நசுக்கும்போது அல்லியின் என்ற சேர்மமும் அல்லினேஸ் என்ற நொதியும் கலந்து அது உருவாகிறது. முழுப் பற்களை நீரிலிட்டுக் கொதிக்க வைத்தால் அந்த நொதி அழிந்துவிடும் என்பதை அறியாமல், முதலில் நானும் கொதிக்க வைத்தே தெளித்தேன். வாசனை மட்டும் தோட்டம் முழுவதும் நின்றது. பிறகு 100 கிராம் பூண்டைப் பச்சையாக விழுதாக அரைத்து, பத்து நிமிடம் அப்படியே விட்டு, ஒரு லிட்டர் நீரில் கரைத்து, மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டி, அன்று மாலையே தெளிக்கத் தொடங்கினேன். வடிகட்டுவதில் சோம்பினால் தெளிப்பானின் முனை அடைத்துக்கொள்ளும். அல்லிசின் நிலையற்றது என்பதால் மிச்சச் சாற்றை அடுத்த வாரத்திற்கு வைத்துக்கொள்வதில் பயனில்லை. ஆகவே பத்துச் செடிகள் உள்ளவருக்கு இது எளிது. ஏக்கர் கணக்கில் பயிரிடுபவருக்கு ஒவ்வொரு தெளிப்புக்கும் புதிதாக அரைப்பது பெருஞ்சுமை, அவர் வேப்பெண்ணெயைத் தேர்ந்தால் குறை சொல்ல மாட்டேன்.

பூண்டு தெளித்த பருவத்தில் கருகல் அடியிலைகளைத் தாண்டி அதிகம் ஏறவில்லை. எனினும் இரு பருவங்களின் ஈரமும் ஒன்றல்ல. அடியிலைகளைக் கிள்ளி, வேரடியில் மூடாக்கு இட்டதும் அந்தப் பருவத்தில்தான். எனவே பெருமை முழுவதும் பூண்டுக்கே என்று அடித்துச் சொல்ல இயலாது. பின்பருவக் கருகலை ஒரே ஒருமுறைதான் எதிர்கொண்டிருக்கிறேன்; அதை உண்டாக்கும் பைட்டோப்தோரா உண்மையான பூஞ்சையே அன்று, ஈரமான குளிரில் சில நாட்களிலேயே செடியைச் சாய்த்துவிடும். அப்போது நான் எந்தச் சாற்றையும் நம்பாமல் நோயுற்ற செடிகளைப் பிடுங்கி அகற்றினேன்.