கிணற்றுத் தண்ணீரிலிருந்து பச்சைக் கூலன்றுக்கு: மொறிஸ் மைனரோடு 6 வருடம்

எங்கள் வீட்டுப் பழைய மொறிஸ் மைனர் கார் 2019 வரை கூலன்ற் (எஞ்சின் சூட்டைத் தணிக்கத் தண்ணீரோடு கலந்து றேடியேற்றருக்குள் விடும் திரவம்) குடித்ததே இல்லை. அப்பா காலத்திலிருந்து கிணற்றுத் தண்ணீர்தான். 90களில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடிய கார் அது. அந்த நேரத்தில் றேடியேற்றருக்குள் என்ன ஊற்றுகிறோம் என்று யார் யோசித்தார்கள்? டிக்கிக்குள் ஒரு தண்ணீர்க் கான் கிடக்கும், அவ்வளவுதான் பராமரிப்பு.

எங்கள் யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, கேத்தலுக்குள் எட்டிப் பார்த்தால் தெரியும். சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருவது. கேத்தலில் படிவதுதான் எஞ்சினுக்குள்ளும் படிகிறது. கேத்தலைத் தேசிக்காய் விட்டு உரஞ்சலாம், சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீர்ப் பாதைக்குள் கையை விட முடியாது.

அந்த வருடம் வைகாசி வெயிலில் ஆனையிறவு தாண்டியதும் கார் கொதித்து நின்றது. ஆவி அடங்கும்வரை மூடியில் கை வைக்காமல் முக்கால் மணித்தியாலம் தெருவோரம் நின்றோம். வீட்டுக்குக் கட்டி இழுத்து வந்த பிறகு பழைய மெக்கானிக் ஐயா ஒருவர் பார்த்தார். "தம்பி, இது காய்ச்சல் இல்லை, கல்லடைப்பு" என்றார். பிளாக்கின் பின்பக்கத்தில் இருக்கும் வடிகுழாயைத் திறந்தால் ஒரு சொட்டும் வரவில்லை. கம்பி விட்டுக் குத்திய பிறகுதான் கறளும் சேறுமாகக் கொட்டியது.

கழுவும் மருந்து விட்டு இரண்டு தரம் கழுவினோம். இரண்டு நாள் கழித்து றேடியேற்றர் ஒழுகத் தொடங்கியது! ஓட்டைகளை அடைத்து வைத்திருந்ததே அந்தப் படிவுதான். கழற்றி ஈயம் வைத்து ஒட்ட வேண்டியதாயிற்று. நீண்டகாலம் வெறும் தண்ணீரில் ஓடிய காருக்கு முதல்முறை கூலன்ற் மாற்றுகிறவர்கள் இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கடையில் இருந்த தம்பி ஆரஞ்சு நிறப் போத்தலைத்தான் நீட்டினார், 5 வருடம் பாவிக்கலாம் என்றார். நான் பழைய பச்சை வகையை எடுத்தேன். என் கார் செப்பு, பித்தளை, ஈய ஒட்டு என்று கட்டப்பட்டது. பச்சை வகையில் இருக்கும் சிலிக்கேற், பொஸ்பேற் போன்ற உப்புகள் உலோகத்தின்மேல் சீக்கிரம் ஒரு மெல்லிய படலம் போட்டுவிடும். பழைய எஞ்சின்களுக்கு அதுதான் தோது. ஆனால் அந்த உப்புகள் கரைந்து தீரும், அதனால் 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். கார் ஓடாமல் நின்றாலும் மாற்ற வேண்டும். இன்னொன்று, நிறத்தை நம்பாதீர்கள். பச்சைச் சாயம் யாரும் போடலாம், போத்தலில் எழுதியிருப்பதைப் படியுங்கள். இரண்டு வகையை ஒன்றாகக் கலக்கவும் வேண்டாம்.

பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 பாகை வரை உறையாதாம். எங்கள் ஊர் கோண்டாவிலில் அதற்கு என்ன வேலை! எங்களுக்கு வேண்டியது கறள் பிடிக்காமலும் சுலபத்தில் கொதிக்காமலும் இருப்பதுதான். வெப்பத்தைக் காவிச் செல்வதில் தண்ணீர்தான் கெட்டி, கூலன்றைக் கூட்டக் கூட்ட அந்த வேலை குறையும். நான் மூன்றில் ஒரு பங்கு விடுகிறேன். 5 லீற்றர் அளவு பிடிக்கும் காருக்கு ஒன்றே முக்கால் லீற்றர். கழுவிய தண்ணீர் கொஞ்சம் பிளாக்குக்குள் நிற்கும், ஆகவே முதலில் கூலன்றை ஊற்றிவிட்டுப் பிறகு தண்ணீரால் நிரப்புவேன்.

அந்தத் தண்ணீர் பற்றறிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீராக இருக்க வேண்டும். அசிற் போத்தலை மாறி எடுத்துவிடாதீர்கள். கிணற்றுத் தண்ணீரில் கலந்தால் பொஸ்பேற்றும் சுண்ணாம்பும் சேர்ந்து மறுபடி படிவுதான். நல்ல கூலன்றை வாங்கி அதில் கிணற்றுத் தண்ணீர் கலப்பது காசைக் கரியாக்கும் வேலை. மலிவான கூலன்றை நல்ல தண்ணீரில் கலந்தால் அதைவிட நன்றாக இருக்கும் என்பேன்.

என் பக்கத்திலும் பிழை இருக்கிறது. மைனருக்கு மேலதிகப் போத்தல் இல்லை, சூடானால் கூடிய தண்ணீர் குழாய் வழியே தெருவில் போய்விடும். இது தெரியாமல் வாராவாரம் கழுத்துவரை நிரப்பினேன். அது துப்பத் துப்ப நான் வெறும் தண்ணீர் விட்டேன். ஒரு வருடத்தில் பச்சை வெளிறிவிட்டது. இப்போது ஓர் அங்குலம் குறைத்தே விடுகிறேன். குறைந்தால் ஊற்றுவதற்குக் கலந்து வைத்த போத்தல் டிக்கியில் இருக்கிறது. இன்னொரு கராஜில் புதுக் காரின் 13 இறாத்தல் அழுத்தம் பிடிக்கும் றேடியேற்றர் மூடியைப் போட்டுவிட்டார்கள். 7 இறாத்தல் மூடிக்குப் பழகிய ஒட்டுகள் ஒரு கிழமைக்குள் வியர்க்கத் தொடங்கின.

2022இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் கார் நாலு மாதம் அசையவில்லை. அதற்குள் மாற்ற வேண்டிய தவணையும் தாண்டிவிட்டது. பிறகு திறந்தபோது மேலே மெல்லிய கறள் நிறம். வாகன இறக்குமதி நின்றிருந்த காலம், பழையதை வைத்துத்தான் ஓட வேண்டும், உடனே மாற்றினேன்.

வடித்த கூலன்றை முற்றத்தில் ஊற்றாதீர்கள். அது நஞ்சு, இனிப்பு வேறு, நாய் பூனை நக்கும். சுண்ணாம்பு நிலத்தில் ஊற்றியது கிணற்றுக்குப் போக எவ்வளவு நேரம்? நான் கானில் அடைத்து மூடி கராஜில் கொடுக்கிறேன்.

இந்த வருடம் வைகாசியில் மறுபடி மாற்றினேன். வடிகுழாயைத் திறந்ததும் கம்பி தேவைப்படவில்லை, பச்சையாகவே வந்தது. வோட்டர் பம்ப் மட்டும் இரண்டு மாதமாகக் கொஞ்சம் கசிகிறது. சீலுக்கு வயதாகிவிட்டது என்கிறார் ஐயா. கொழும்பில் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை.