மாடியறைக்கு வந்த ரவுட்டர்: டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6

மதுரையை அடுத்த ஒரு புறநகரில், கீழே கூடமும் சமையலறையும் ஒரு படுக்கையறையும், மேலே இரண்டு அறைகளும் கொண்ட தனி வீடு எங்களுடையது. ஃபைபர் இணைப்புக் கொடுக்க வந்தவர், தெருக் கம்பத்திலிருந்து இழுத்த வயர் வீட்டுக்குள் எங்கே நுழைந்ததோ அங்கேயே, வாசற்கதவின் பின்புறம் மின்மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், நிறுவனம் கொடுத்த மோடத்தைச் சுவரில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு அது அரை மணி நேர வேலை. எங்களுக்கு அது இரண்டாண்டுத் தொல்லையாயிற்று. மாதந்தோறும் நொடிக்கு 200 மெகாபிட் வேகத் திட்டத்துக்குப் பணம் கட்டியும் மாடியின் பின்னறையில் 6, 7 மெகாபிட்டுக்கு மேல் கிடைத்ததில்லை. இணையவழி வகுப்பு என்றால் என் மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியின் திருப்பத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். அந்தப் படியில் அவளைத் தாண்டித்தான் நாங்கள் ஏறி இறங்கினோம்.

இதற்காக வாங்கியதுதான் டிபி-லிங்க் நிறுவனத்தின் ஆர்ச்சர் சி6 என்னும் வைஃபை ரவுட்டர். 2,500 ரூபாயை ஒட்டிய விலை. ஒன்றரை ஆண்டாக மாடியில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. நல்ல சாதனம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதை வாங்கி வந்து பெட்டியைப் பிரித்த நாளுக்கும், மாடியறையில் முழு வேகம் வந்த நாளுக்கும் இடையே ஒரு வாரம் கழிந்தது. அந்த ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டதுதான் வாங்க நினைப்பவர்களுக்கு அதிகம் பயன்படும் என்று எண்ணுகிறேன்.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 1200 என்ற எண்ணைப் பற்றி முதலில் பேச வேண்டும். இந்த ரவுட்டர் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அதிகபட்சம் 300 மெகாபிட்; 5 கிகாஹெர்ட்ஸில் 867 மெகாபிட். இரண்டையும் கூட்டி முழுமையாக்கினால் 1200. ஆனால் கைபேசிகள் பொதுவாக இரண்டு அலைவரிசைகளையும் ஒரே நேரத்தில் சேர்த்துப் பயன்படுத்துவதில்லை. ஏதேனும் ஒன்றில்தான் இணையும். 867 என்பதும் காற்றில் நடக்கும் பேச்சின் மொத்த வேகமே தவிர, கையில் கிடைக்கும் வேகம் அன்று. ரவுட்டருக்கு எதிரிலேயே அமர்ந்திருந்தாலும் அதில் பாதியோ அதற்குச் சற்று அதிகமோதான் கிடைக்கும். கடைகளில் 1200, 1500, 3000 என்று அடுக்கி வைத்திருக்கும் எண்களையெல்லாம் இந்தக் கணக்கோடுதான் படிக்க வேண்டும். எங்களுடையது 200 மெகாபிட் திட்டம் என்பதால் இந்தச் சாதனம் தாராளமாகப் போதும். மேலும், வயரைச் செருகும் இதன் ஐந்து துளைகளும் கிகாபிட் வேகத்துக்கு உரியவை. இதைவிடச் சில நூறு ரூபாய் மலிவான ரவுட்டர்கள் பலவற்றில் அந்தத் துளைகள் 100 மெகாபிட்டோடு நின்றுவிடுகின்றன. அப்படிப்பட்டதை வாங்கினால் காற்றில் எவ்வளவு வேகம் இருந்தாலும் வயரில் அடைத்துக்கொள்ளும். ஆன்டெனாக்களை எண்ணிப் பார்த்து வாங்குகிறவர்கள், அதை விட்டுவிட்டு இந்த ஒன்றைக் கவனித்தால் நல்லது.

அடுத்து வருவது இதை எந்த நிலையில் இயக்குவது என்ற கேள்வி. பெரும்பாலோர் இங்கேதான் தவறுகிறார்கள். நிறுவனம் தந்த மோடம் ஏற்கெனவே ரவுட்டர் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருக்கிறது. வீட்டிலுள்ள ஒவ்வொரு சாதனத்துக்கும் அதுவே முகவரி வழங்குகிறது. அதன் பின்னால் இன்னொரு ரவுட்டரை அப்படியே செருகினால், மாடிக்கு ஒரு வலையமைப்பும் கீழ்த்தளத்துக்கு ஒரு வலையமைப்புமாக வீடு இரண்டாகப் பிரிந்துவிடும். இணையம் வரும், ஆகவே எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் கீழே இருக்கும் பிரிண்டரை மாடி மடிக்கணினியால் தானாகக் கண்டுபிடிக்க முடியாது, கூடத்துத் தொலைக்காட்சிக்கு மாடியிலிருந்து படம் அனுப்ப முடியாது. இதைத் தவிர்க்க ஆர்ச்சர் சி6-இல் 'ஆக்சஸ் பாயின்ட்' என்றொரு நிலை உண்டு. அமைப்புப் பக்கத்தில் அதைத் தேர்ந்தெடுத்தால் ரவுட்டர் தன் நிர்வாக வேலையை விட்டுவிட்டு, வயரில் வருவதை அப்படியே வைஃபையாக மாற்றித் தரும் வேலையை மட்டும் செய்கிறது. மோடத்தை, ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் 'பிரிட்ஜ்' நிலைக்கு மாற்றிவிட்டு, இதையே தலைமை ரவுட்டராக வைத்துக்கொள்வது இன்னொரு வழி. ஆனால் அதற்கு நிறுவனத்திடமிருந்து பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பெற வேண்டியிருக்கும், மோடத்தோடு தரைவழித் தொலைபேசி இணைந்திருந்தால் அது ஊமையாகிவிடும் ஆபத்தும் உண்டு. என் மாமனாருக்கு அந்தத் தொலைபேசி வேண்டும். ஆகவே முதல் வழியைத் தேர்ந்தெடுத்தேன்.

இந்த நிலைக்கு மாற்றியபின் புதியவர்கள் திகைக்கும் இடம் ஒன்று உண்டு. முதல் முறை அமைக்கும்போது உலாவியில் 192.168.0.1 என்று தட்டினால் ரவுட்டரின் பக்கம் திறக்கும். நிர்வாகக் கடவுச்சொல்லை நாமே உருவாக்கச் சொல்லும். 'ஆக்சஸ் பாயின்ட்' ஆன பிறகு அந்த முகவரி திறக்காது. சாதனம் கெட்டுவிட்டதாகப் பொருள் இல்லை. அது இப்போது மோடத்திடமிருந்து வேறொரு முகவரியைப் பெற்றுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். உலாவியில் திறக்கும் மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலைப் பார்த்தாலோ, டிபி-லிங்கின் 'டெதர்' என்னும் கைபேசிச் செயலியைத் திறந்தாலோ கண்டுபிடித்துவிடலாம்.

இனி வயர். மோடத்திலிருந்து மாடிக்கு ஏறத்தாழ 18 மீட்டர் வயர் தேவைப்பட்டது. மின்வயர் செல்லும் குழாயிலேயே இதையும் நுழைத்துவிடலாம் என்றார் எலக்ட்ரீஷியன்; நான் ஒப்புக்கொள்ளவில்லை. பாதுகாப்புக்கும் அது நல்லதன்று, சமிக்ஞைக்கும் நல்லதன்று. கேபிள் டிவிக்காக முன்பு சுவரில் போட்டிருந்த துளை சும்மா கிடந்தது. அதன் வழியாக 'கேட் 6' என்னும் வகை இணைய வயரை மேலே கொண்டுபோனோம். வயர் வாங்கும்போது கடையில் ஒரு நுனியைக் கேட்டு வாங்கி, உள்ளே இருக்கும் கம்பியைப் பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். சுரண்டிய இடமும் செம்பு நிறமாகவே இருந்தால் அது செம்பு. வெள்ளி போலப் பளபளத்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். எளிதில் முறியும், நுனியில் பிளாஸ்டிக் முனையைப் பொருத்தும்போதே தொல்லை கொடுக்கும். எனக்கு முதலில் எடுத்துக் காட்டப்பட்ட சுருள் அந்த இரண்டாவது வகைதான்.

எல்லாவற்றையும் இணைத்து, மாடியில் வேகச் சோதனை செய்தபோது 94 மெகாபிட் வந்தது. ஏழு எங்கே, 94 எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கு மட்டும் அந்த 94 உறுத்தியது. காலையில் சோதித்தாலும் 94, நள்ளிரவில் சோதித்தாலும் 94, ரவுட்டரின் முன்னால் நின்றாலும் 94. வைஃபை வேகம் இப்படிச் சொல்லிவைத்தாற்போல ஒரே எண்ணில் நிற்காது, ஏறும், இறங்கும். 100 மெகாபிட் வயர் இணைப்பில் உபரித் தகவல்களெல்லாம் போக மிஞ்சுவதுதான் அந்த 94. அப்படியானால் குற்றவாளி ரவுட்டரும் அன்று, காற்றும் அன்று, வயர்.

முனையைக் கழற்றிப் பார்த்தேன். கண்ணாடி போன்ற அந்தச் சிறிய பிளாஸ்டிக் முனைக்குள் எட்டுக் கம்பிகள் வரிசையாக முட்டி நிற்க வேண்டும். நான்குதான் நின்றன; மற்ற நான்கும் உறைக்குள் மடக்கி விடப்பட்டிருந்தன. மறுநாள் எலக்ட்ரீஷியனை அழைத்துக் காட்டினேன். "நாலு கம்பி போதும் சார், மிச்சம் நாலும் சும்மாதான்" என்றார். அவர் சொன்னது பொய்யும் அன்று. 100 மெகாபிட் காலத்தில் இரண்டு சோடிக் கம்பிகள் மட்டுமே வேலை செய்தன. அவர் தொழில் கற்ற காலத்து வழக்கம் அது. கிகாபிட் வேகத்துக்கு நான்கு சோடிகளும், அதாவது எட்டுக் கம்பிகளும், வேண்டும். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்ற வரிசையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு முனைகளையும் வெட்டிப் புதிதாகப் பிடித்துக் கொடுத்தார்; அதற்குக் கூலியும் வாங்க மறுத்துவிட்டார். அன்று மாலை மாடியில் 196 வந்தது.

ரவுட்டரை எங்கே வைப்பது என்பதிலும் இரண்டு முறை இடம் மாற்றினேன். பார்வைக்கு உறுத்தாமல் இருக்கட்டும் என்று முதலில் பீரோவின் மேல் வைத்திருந்தோம். இரும்பு பீரோ சமிக்ஞைக்கு ஒரு சுவரைவிடக் கொடிய தடை. அதன் மறுபக்கம் இருந்த கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்தால் வேகம் பாதியாகக் குறைந்திருந்தது. இப்போது இரண்டு அறைகளுக்கும் நடுவிலுள்ள நடைபாதையில், ஆள் உயரத்துக்கு மேலே ஒரு மரப்பலகையில் இருக்கிறது. ஆன்டெனாக்களைப் பற்றியும் ஒரு சொல்: அவை நீட்டிய திசையில் அலை பாயும் என்று பலர் எண்ணிக்கொண்டு, மாடியறையை நோக்கித் துப்பாக்கி போலக் குறிவைக்கிறார்கள். ஓர் உளுந்துவடையின் ஓட்டைக்குள் குச்சியைச் செருகியதாக நினைத்துக்கொள்ளுங்கள். குச்சிதான் ஆன்டெனா, வடைதான் அலை. குச்சியின் நுனி காட்டும் பக்கத்தில் வடை இல்லை. ஆகவே ஒரே தளத்துக்கு மட்டும் என்றால் ஆன்டெனாக்களை நேராக நிறுத்திவிட வேண்டும். மேல்தளத்துக்கோ கீழ்த்தளத்துக்கோ கொஞ்சம் போக வேண்டுமென்றால் ஒன்றிரண்டைச் சாய்த்துவிடலாம். ஆனால் கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் துளைத்து 5 கிகாஹெர்ட்ஸ் அலை நல்ல வேகத்தில் போகும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். மாடிக்கு வயர் இழுத்ததன் காரணமே அதுதான்.

அமைப்புகளில் நான் மாற்றியவை சிலவே. சாதனத்தின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் அச்சாகியிருந்த எட்டு இலக்கக் கடவுச்சொல்லை முதலில் மாற்றினேன். வீட்டுக்கு வருகிறவர் எவரும் புரட்டிப் பார்த்துப் படித்துவிடலாம். கீழ் மோடத்துக்கும் இதற்கும் ஒரே வைஃபை பெயரையும் ஒரே கடவுச்சொல்லையும் வைத்தேன். படியேறும்போது கைபேசி தானாகத் தாவிக்கொள்கிறது, சில வேளைகளில் பழையதையே பிடித்துத் தொங்குகிறது. எப்போது தாவுவது என்பதைக் கைபேசிதான் முடிவு செய்கிறது என்பதால் இதற்கு ரவுட்டரைக் குறைசொல்ல முடியாது. 2.4 கிகாஹெர்ட்ஸில் கீழே 1, மேலே 11 என்று வெவ்வேறு சேனல்களை, அதாவது அந்த அலைவரிசைக்குள் இருக்கும் தனித்தனித் தடங்களை, கொடுத்தேன். 1, 6, 11 ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று உரசாதவை. எங்கள் தெருவில் பதினைந்துக்கு மேற்பட்ட வைஃபை பெயர்கள் தெரிகின்றன என்பதால், அந்த அலைவரிசையின் அகலத்தையும் 20 மெகாஹெர்ட்ஸ் என்று குறுக்கிவிட்டேன். எண்ணில் வேகம் குறையும்; நடைமுறையில் இணைப்பு அறுந்துபோவது நின்றது. இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயர் வைப்பவர்கள், மலிவான ஸ்மார்ட் பிளக், பழைய பிரிண்டர் போன்றவை 2.4-இல் மட்டுமே இயங்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அவற்றை முதன்முறை இணைக்கும் ஐந்து நிமிடத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸை அணைத்து வைத்தால் வேலை சுலபமாக முடியும்.

குறைகள் என்றால், இதில் யூஎஸ்பி துளை கிடையாது; ஹார்ட் டிஸ்க்கை மாட்டி வீடு முழுவதும் படம் பார்க்கலாம் என்று நினைத்தால் வேறு சாதனம் பார்க்க வேண்டும். 'ஆக்சஸ் பாயின்ட்' நிலைக்கு மாற்றினால், பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு விதிக்கும் வசதியும் போய்விடுகிறது. அந்த வசதிக்காகவே வாங்குகிறவர்கள் இதை ரவுட்டர் நிலையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இது 2013-இல் வந்த வைஃபை 5 தலைமுறையைச் சேர்ந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. வைஃபை 6 சாதனங்களின் விலை இப்போது வெகுவாக இறங்கியிருக்கிறது. புதிய கைபேசிகள் பல இருக்கும் வீட்டிலும், 300 மெகாபிட்டுக்கு மேற்பட்ட திட்டம் வைத்திருக்கும் வீட்டிலும், கூடுதலாகச் சில நூறு ரூபாய் கொடுத்து அதையே வாங்குவேன். எங்களைப் போல 100, 200 மெகாபிட்டோடு இருப்பவர்கள் அந்தப் பணத்துக்கு நல்ல செம்பு வயர் வாங்கலாம்.

மின்வெட்டுக்காகப் பின்னர் ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்கி மாடியில் மாட்டினேன். முதல் மின்வெட்டில் ரவுட்டரின் விளக்குகளெல்லாம் அழகாக எரிந்துகொண்டிருந்தன. இணையம் மட்டும் இல்லை. கீழே மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் மோடம் அணைந்து கிடந்தது. இரண்டாவது யூபிஎஸ்ஸை மறுநாளே வாங்கினேன். வாங்கும் முன் இரு சாதனங்களின் அடாப்டரிலும் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவுகளைப் படித்துக் குறித்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன்.