இன்டர்நெட் போன் பேக்கேஜ் எடுக்கப் போறீங்களா? எங்கள் 38,500 ரூபாய் போனதைப் படித்துவிட்டு எடுங்கள்

வடபழனியில் சின்னதாகக் கேட்டரிங் நடத்துகிறோம். ஆர்டர் எல்லாம் போனில்தான். முகூர்த்த சீசனுக்கு முன்னால் மூன்று இன்டர்நெட் போன் (இன்டர்நெட் லைன் வழியாகவே கால் பேசும் போன்), 200 எம்பிபிஎஸ் கேபிள் லைன், ஒரு வருட வாடகை எல்லாம் சேர்த்து 38,500 ரூபாய் மொத்தமாக ஒரு கம்பெனிக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். வயிறு எரிகிறது.

கம்பெனியிலிருந்து வந்தவர் அப்பா வயசுக்காரர். சாமி படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் வயரையே தொட்டார். ஸ்பீடு டெஸ்ட் போட்டார், முள் 190ஐத் தாண்டியது. "பாருங்கம்மா, ஒரே நேரத்துல நூறு பேர் பேசலாம்" என்றார். அங்கேயே பணத்தை அனுப்பிவிட்டேன். அப்லோடு (நம்மிடமிருந்து வெளியே போகும் வேகம்) சோதனை ஓடி முடிவதற்குள் அவர் திரையை மூடியது அப்புறம்தான் உறைத்தது.

சீசன் தொடங்கியதும் கால் எல்லாம் விட்டுவிட்டுக் கேட்டது. ஒரு கல்யாண வீட்டில் "முந்நூறு இலை" என்றது எங்களுக்கு "நூறு இலை" என்று கேட்டிருக்கிறது. முதல் அசை வந்து சேரவே இல்லை! மெனு எழுதி அனுப்பியபோது அவர்கள் கவனித்துத் திருத்தியதால் மானம் தப்பியது.

கம்பெனிக்குப் போன் செய்தால் "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க". அப்புறம் "உங்க வைஃபைதான் சரியில்ல". போனோ லேன் வயரில் இருக்கிறது! கடைசியில், "ஸ்பீடு வருதில்ல? கால் குவாலிட்டிக்கு நாங்க பொறுப்பில்ல. ரீஃபண்ட் கிடையாது, பில்லுக்குப் பின்னாடி போட்டிருக்கு." 38,500 ரூபாய்க்கு இதுதான் பதில்.

தெரிந்த நெட்வொர்க் பையன் வந்து பார்த்தான். ஒரு காலுக்குப் போக 100, வர 100 கேபிபிஎஸ் (ஆயிரம் கேபிபிஎஸ்தான் ஒரு எம்பிபிஎஸ்) இருந்தால் தாராளம். மூன்று போனுக்குப் போக, வர தலா அரை எம்பிபிஎஸ் கூட வேண்டாம். ஆனால் அது ஆடாமல் அசையாமல் வர வேண்டும். பாக்கெட் இழப்பு (பேச்சைச் சின்னச் சின்னத் துண்டாக அனுப்பும்போது வழியில் தொலைவது) ஒரு சதவீதத்துக்குள், ஜிட்டர் (அந்தத் துண்டுகள் வந்து சேரும் நேரத்தில் வரும் ஏற்ற இறக்கம்) 30 மில்லி செகண்டுக்குள் இருக்க வேண்டுமாம். எங்கள் லைனில் அப்லோடு 2 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை, அதிலும் நூறு பாக்கெட்டில் ஆறு காணாமல் போகிறது. நூறு பேர் பேச 10 எம்பிபிஎஸ் அப்லோடு வேண்டும். அந்தக் கம்பெனிக்காரர் வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறார்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் எடுப்பதாக இருந்தால் அப்லோடு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். பிங் (பாக்கெட் ஒழுங்காகப் போய்த் திரும்புகிறதா என்று காட்டும் சோதனை) ஓடவிட்டு, சாயங்காலம் கூட்ட நேரத்தில் பேசிப் பாருங்கள். ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், மாதாமாதம் கட்டுங்கள். 38,500 ரூபாய்ங்க!