ஹீட்டர் தொட்டியா, குளிர்நீர்த் தொட்டியா? குன்னூரில் இரண்டையும் வைத்துப் பார்த்த பிறகு

என் வீட்டு இரண்டடித் தொட்டியில் முதல் இரண்டு குளிர்காலங்கள் ஹீட்டர் போட்டு, வெப்பநாட்டு மீன்களான நியான் டெட்ராவும் கப்பியும் வளர்த்தேன். மூன்று ஆண்டுகளாக அதே தொட்டியில் ஹீட்டர் இல்லாமல், குளிரைத் தாங்கும் வொயிட் கிளவுட் மீன்களும் பெப்பர்டு கோரிடோராஸும் வாழ்கின்றன. சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரைப் பொறுத்தவரை, பல வகை மீன்களைச் சேர்த்து வளர்க்க விரும்புவோருக்குக் குளிர்நீர்த் தொட்டியே ஏற்றது என்பது என் முடிவு.

அழகில் ஹீட்டர் தொட்டிதான் முந்தும். நியானின் நீலக்கோட்டுக்கு ஈடாக ஒன்றை வொயிட் கிளவுட் காட்டிவிடாது. கடைகளில் எளிதாகக் கிடைப்பவையும் வெப்பநாட்டு மீன்களே. ஏஞ்சல் மீன் வளர்ந்ததும் நியானை விழுங்கிவிடும், டைகர் பார்ப் கப்பியின் வாலைக் கொறிக்கும் என்பவை மீன் வளர்க்கும் எவரும் அறிந்தவை. மலைத் தண்ணீர் பெரும்பாலும் உப்புச்சத்துக் குறைந்த மென்னீர் என்பதால் கப்பியும் மோலியும் அதில் செழிப்பதில்லை என்பதை மட்டும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது மின்தடை. வடகிழக்குப் பருவமழையில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுவது இந்த மலையில் புதிதல்ல. அப்படி ஒரு நவம்பரில் மாலை ஆறு மணிக்குப் போன மின்சாரம் மறுநாள் காலையில்தான் வந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த வெப்பமானிப் பட்டை மாலையில் 25 டிகிரி காட்டியது. விடியும்போது 17-க்கு இறங்கியிருந்தது. தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்தியும் பயனில்லை. மூன்றாம் நாள் ஒரு நியான் கூழாங்கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு திரும்பியபோது, அதன் வாலடியில் ரவை ஒட்டியதுபோல் இரண்டு வெள்ளைப் புள்ளிகளைக் கண்டேன். அந்த வாரத்துக்குள் பன்னிரண்டில் ஏழு இறந்தன. குளிர்ந்த தண்ணீர் மட்டுமே அவற்றைக் கொல்லவில்லை; ஒரே இரவில் எட்டு டிகிரி இறங்கிய அதிர்ச்சியில் அவற்றின் எதிர்ப்பாற்றல் குலைந்து, வெள்ளைப்புள்ளி நோய்க்கு இடம் கிடைத்துவிட்டது.

மின்தடையில் காற்றுப் பம்பும் நின்றுவிடுவதால், எத்தனை மீன் விடலாம் என்ற கேள்வியும் இதனோடு சேர்ந்ததே. கடல் மட்டத்தில் 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். குன்னூரில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், அதே சூட்டில் அது 6.6 அளவுக்கு வந்துவிடுகிறது. தண்ணீர் 16 டிகிரியில் இருந்தாலோ இங்கேயும் 8 மில்லிகிராமை நெருங்கும். சூடான நீரில் மீனுக்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படும்போது தண்ணீரிடம் கொடுக்கக் குறைவாகவே இருக்கிறது. ஆகவே ‘ஒரு கேலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) ஓர் அங்குல மீன்’ என்ற பழைய கணக்கை, அதுவும் சமவெளியில் வளர்ப்போர் சொல்லும் எண்ணிக்கையை, மலையில் ஹீட்டர் தொட்டிக்கு அப்படியே பொருத்துவது ஆபத்து. அந்தக் கணக்கில் இன்னொரு குறையும் உண்டு: பத்து அங்குல கோல்டு ஃபிஷ் ஒன்றும் ஓர் அங்குல மீன்கள் பத்தும் சமமாகக் கழிவு விடுவதில்லை. குளிர் தாங்கும் என்பதற்காகவே கோல்டு ஃபிஷை இரண்டடித் தொட்டிக்குச் சொல்வார்கள். அதைச் சிறு மீன்களோடு விட வேண்டாம்.

மின்கட்டணத்தையும் பார்க்கலாம். 100 வாட் ஹீட்டர் நாளுக்கு 14 மணி நேரம் எரிந்தால் 1.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 84 யூனிட். அப்போது வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் கட்டணமில்லாமல் கிடைத்த 100 யூனிட்டில் பெரும்பகுதியைத் தொட்டியே எடுத்துக்கொண்டது.

வொயிட் கிளவுட், சீனாவின் குவாங்சோ நகரை ஒட்டிய வெள்ளை மேக மலையின் ஓடைகளில் 1930களில் கண்டறியப்பட்டது; நான்கு சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக வளராது. என் தொட்டியில் சரளைக்கல் போக நிற்கும் 48 லிட்டரில் பத்து வொயிட் கிளவுடும், அடியில் மேயும் பெப்பர்டு கோரிடோராஸ் ஐந்தும் இருக்கின்றன. இதற்கு மேல் ஒன்றையும் சேர்ப்பதில்லை. ஜீப்ரா டேனியோவும் குளிரைத் தாங்கும். ஆனால் அது பாய்ந்து பாய்ந்து தீனியைப் பறித்துக்கொள்வதால் வொயிட் கிளவுட் மெலிந்துவிடுகிறது. ரோஸி பார்ப் இரண்டடித் தொட்டிக்குப் பெரிது. மூன்றடித் தொட்டியில் அதை வளர்த்த அனுபவம் எனக்கு இல்லாததால், என் எண்ணிக்கையை அங்கே பெருக்கிக்கொள்ள வேண்டாம்.

குளிர்நீர்த் தொட்டிக்கும் குறைகள் உண்டு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் ஃபில்டர் நுண்ணுயிர்கள் குளிரில் மெதுவாகப் பெருகுவதால், சமவெளியில் ஒரு மாதத்தில் பழகும் ஃபில்டர் எனக்கு இரண்டு மாதம் எடுத்துக்கொண்டது; முதலில் ஐந்து மீன் மட்டும் விட்டு, மூன்று வாரம் பொறுத்துத்தான் அடுத்ததைச் சேர்த்தேன். ஜனவரியில் மீன்கள் மந்தமாகிவிடும். தீனியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தால் போதும். உறைபனி விழும் ஊட்டிப் பக்கத்து வீடுகளில் தண்ணீர் 12 டிகிரிக்குக் கீழே போகுமானால், 18 டிகிரியில் வைத்த சிறு ஹீட்டர் ஒன்று இருப்பது நல்லது. மின்சாரம் போனாலும் அந்த இறக்கம் சிறியதாகவே இருக்கும். இந்த மீன்கள் நம் ஓடைகளின் குளிரையும் தாங்கிவிடக்கூடியவை என்பதால், வேண்டாதவற்றை ஓடையில் விடக் கூடாது என்பதில் நான் மிகவும் கண்டிப்பாக இருக்கிறேன்.

மீனை மேலே கொண்டு வருவதில்தான் அதிகக் கவனம் தேவை. மேட்டுப்பாளையத்தில் ஆக்சிஜன் நிரப்பிக் கட்டிய பாலிதீன் பை, கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற உப்பி, குன்னூர் வருவதற்குள் மத்தளம்போல் இறுகிவிடுகிறது. எனவே பையைத் தளர்வாகக் கட்டச் சொல்ல வேண்டும். பைக்குள் 28 டிகிரி, தொட்டியில் குளிர்காலத்தில் 15 என்றால் எந்த மீனும் தாங்காது. அதனால் புது மீன்களை, தொட்டித் தண்ணீர் 21 டிகிரி வரை வரும் ஏப்ரல், மே மாதங்களில் மட்டுமே வாங்குகிறேன். பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீராக ஒன்றரை மணி நேரம் கலந்த பிறகே மீன்களை உள்ளே விடுகிறேன்.