கத்திரி வெயிலும் கடல்நீர்த் தொட்டியும்: மூன்றரை ஆண்டு அனுபவம்

எங்கள் வீட்டுக் கடல்நீர் மீன்தொட்டி 2 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ளது. கணக்குப்படி 127 லிட்டர் கொள்ளும். பாறையும் மணலும் போக, உண்மையில் நிற்கும் தண்ணீர் சுமார் 100 லிட்டர்தான். மூன்றரை ஆண்டுகளுக்குப் பிறகு இன்று அதில் இருப்பவை ஒரு ஜோடி கிளவுன் மீன்கள், பிளென்னி என்ற சிறு மீன் ஒன்று, ஒரு கிளீனர் இறால், சில நத்தைகள், நான்கு சங்கு நண்டுகள். இவ்வளவு பெரிய தொட்டியில் மூன்றே மீன்களா என்று வீட்டுக்கு வருபவர்கள் கேட்பது வழக்கம். மே மாதத்தில் மின்சாரம் இல்லாத ஒரு நண்பகலை இந்தத் தொட்டி எத்தனை உயிர்களோடு தாங்கும் என்று பார்த்தே அந்த எண்ணிக்கைக்கு வந்தேன்.

தொடக்கத்தில் நான் அப்படி யோசிக்கவில்லை. “பெரிய தொட்டிண்ணே, பத்து மீன் தாராளமா விடலாம்” என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, நீல டேம்சல் என்ற சிறு மீன்கள் மூன்று உட்பட ஏழு மீன்களை ஒரே மாதத்தில் விட்டேன். தொட்டி அப்போது மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள மேல்தள அறையில் இருந்தது. முதல் கோடையில், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரத்தை நிறுத்திய ஒரு நாளில் நான் அலுவலகத்தில் இருந்தேன். இன்வெர்ட்டர் இணைப்பை மின்விசிறிகளுக்கும் விளக்குகளுக்கும் மட்டுமே கொடுத்திருந்தேன். பிற்பகலில் அம்மா தொலைபேசியில், “மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு இருக்குப்பா” என்றார். நான் வந்து சேர்ந்தபோது வெப்பமானி 33.4 டிகிரி காட்டியது. நான்கு மீன்கள் இறந்திருந்தன.

கடல்நீர் 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 32 டிகிரியில் அது சுமார் 6 மில்லிகிராமாகக் குறைகிறது. வெப்பம் ஏற ஏற மீன்களின் உடலுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனோ கூடுகிறது. அலையை உண்டாக்கும் வேவ்மேக்கரும் நின்றுவிட்டால், நீர்ப்பரப்பில் காற்று கலப்பதும் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. மூன்றும் ஒரே நேரத்தில் சேரும் நாளைத்தான் நம் ஊரில் கருவி வாங்குபவர் முதலில் கண்முன் நிறுத்த வேண்டும்.

அதற்குப் பின் தொட்டியைக் கீழ்த்தளத்தில் வடக்குப் பார்த்த அறைக்கு மாற்றினேன். செலவே இல்லாத அந்த மாற்றம்தான் மற்ற எதையும்விடப் பெரிய பலனைத் தந்தது. அடுத்து நீர்ப்பரப்பின்மேல் வீசும்படி இரண்டு சிறிய விசிறிகளைப் பொருத்தினேன். மதுரையின் வெயில் வறண்ட வெயில் என்பதால் தண்ணீர் வேகமாக ஆவியாகி, இரண்டு முதல் மூன்று டிகிரி வரை குளிர்ந்தது. ஆனால் ஒரு நாளில் 3 லிட்டர் வரை வற்றியது. தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே 100 லிட்டரில் 3 லிட்டர் வற்றினால், ஆயிரத்துக்கு 35 பங்காக இருந்த உப்பு 36-ஐத் தாண்டிவிடும். வற்றியதை ஈடுசெய்ய உப்பில்லாத சுத்த நீரையே ஊற்ற வேண்டும். கண்ணாடி விளிம்பில் பூக்கும் வெள்ளை உப்புப் பொருக்கைத் தினமும் ஈரத்துணியால் துடைக்கும்போது நீர்மட்டக் கோட்டையும் பார்த்துவிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

இரண்டாம் ஆண்டில், தண்ணீரைக் குளிரூட்டும் கருவியான சில்லர் வாங்கினேன். மற்ற கருவிகள் அனைத்தின் விலையையும் கூட்டினால் வரும் தொகை அதற்கு மட்டுமே ஆயிற்று. ஆயினும் முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன். தண்ணீரிலிருந்து எடுக்கும் வெப்பத்தை அது அறைக்குள்ளேயே தள்ளும் என்பதால், மூடிய அலமாரிக்குள் வைக்கக் கூடாது. மாறாக, கடையில் வற்புறுத்தி விற்ற ஹீட்டர் மார்கழி, தை மாதங்களின் சில இரவுகளைத் தவிர ஓடியதே இல்லை. மின்தடைக்காக வேவ்மேக்கரையும் விசிறிகளையும் இன்வெர்ட்டரில் இணைத்துவிட்டு, மின்சாரம் போனால் தானாக ஓடத் தொடங்கும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றையும் வைத்திருக்கிறேன். நுரையால் கழிவைப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் இந்த அளவுத் தொட்டிக்குக் கட்டாயமில்லை என்பார்கள். அதன் கோப்பையில் வாரந்தோறும் சேரும் கடுங்காப்பி நிறக் கழிவைப் பார்த்த பிறகு அதைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை; அது தண்ணீரில் காற்றையும் கலக்கிறது.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரின் டி.டி.எஸ்., அதாவது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்லும் கரைந்த உப்புகளின் அளவு, 1400. சமையலறை ஆர்.ஓ. கருவியில் வடித்தும் 70-க்குக் குறையவில்லை. அந்த நீரில் உப்பைக் கலந்த முதல் மாதங்களில் மணலெங்கும் பழுப்புப் பாசி படர்ந்தது. இப்போது மாநகராட்சிக் குழாயில் வரும் வைகைத் தண்ணீரைக் கார்பன் வடிகட்டி, ஆர்.ஓ., எஞ்சிய உப்புகளையும் நீக்கும் டி.ஐ. ரெசின் என்ற வரிசையில் கடத்தி, மீட்டரில் பூஜ்யம் காட்டிய பிறகே லிட்டருக்கு ஏறத்தாழ 38 கிராம் உப்புக் கலவையைச் சேர்க்கிறேன். உப்பை அளப்பதற்கு, ஒளிவிலகலை வைத்துக் கணிக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வேண்டும். மிதக்கும் மானியை நம்பி நான் இரண்டு முறை ஏமாந்தேன்.

ராமேசுவரம் பக்கம் போனால் பவளப்பாறைத் துண்டுகள் கிடைக்கும், எடுத்து வந்து போடலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. பாறை கட்டும் பவள உயிரிகளும் கடல்குதிரைகளும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. நான் போட்டிருப்பது கடலைப் பார்த்திராத உலர்பாறை. நுண்ணுயிர்கள் அதில் குடியேறி, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றத் தொடங்க ஆறு வாரம் பிடித்தது. அதுவரை ஒரு மீனும் விடாமல் காத்திருப்பதுதான் சரி.

மீன் தேர்வில் டேம்சலை விட்டது என் பெரிய தவறு. விலை குறைவு, எதையும் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் பிழைத்த ஒரே டேம்சல், பாறையின் இடது பொந்தைத் தன் எல்லையாக்கிக்கொண்டு, புதிதாக வந்த கிளவுனின் வாலைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்தது. அதைப் பிடிக்கப் பாறை முழுவதையும் வெளியே எடுக்க நேர்ந்தது. குழந்தைகள் கேட்கும் நீல டாங் மீன் ஓரடி வரை வளரக்கூடியது. இரண்டடித் தொட்டி அதற்குச் சிறை. கிளவுன்களை, கடலில் பிடித்தவையாக இல்லாமல், பண்ணையில் பொரித்தவையாகக் கேட்டு வாங்குங்கள். அவற்றைப் பொரிக்கும் நுட்பத்தை மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமே உருவாக்கியிருக்கிறது. இரண்டு குஞ்சுகளைச் சேர்த்து விட்டால் வலுத்தது பெண்ணாக மாறி, மற்றது ஆணாக நிற்கும். புதிய மீன் எதுவானாலும் நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்த பிறகே உள்ளே விடுகிறேன். வெண்புள்ளி நோய்க்குத் தரும் தாமிர மருந்து இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும் என்பதால், பெரிய தொட்டியில் வைத்து வைத்தியம் பார்க்க இயலாது.

இந்த ஆண்டு கத்திரி வெயிலிலும் ஒரு பராமரிப்பு மின்தடை வந்தது. ஐந்து மணி நேரத்தில் வெப்பம் 26.2-லிருந்து 28.9 டிகிரிக்கு ஏறியது. அன்று மாலை நான் வழக்கம்போல் தீனி போட்டபோது, பெண் கிளவுன் முதல் ஆளாக வந்து தின்றது.